ஒட்டுப்போட்ட டயரும் ஒரு மச்சினனும்

சைக்கிள் டயர்ல சின்னதா வெட்டு விழுந்தா என்ன பண்றது? தூக்கிப் போட்டுடறதா, இல்ல ஒட்டி ஓட்டுறதா? ஞாயித்துக்கிழமை ரைடு போனா யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியோட வந்துடறாங்க. ஒவ்வொரு தடவையும் டீக்கடை வாசல்ல நின்னு அரைமணி நேரம் விளக்கிட்டு, ஆறிப்போன டீயைக் குடிக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. சரி, மொத்தமா ஒரு தடவை எழுதி வெச்சிடலாம்னு உட்கார்ந்துட்டேன். இதுல ஒரு பாவமன்னிப்புக் கதையும் இருக்கு. உண்மையைச் சொன்னா அதுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

முதல்ல ஒரு விளக்கம். நான் சொல்றது பால்காரர் ஓட்டுற கம்பீரமான சைக்கிள் இல்லை. ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சு, டயர் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இருக்குமே, அந்த ரோடு பைக். என்னோடது 25 மில்லிமீட்டர் டயர். முதல் தடவை டயர் மாத்தினப்போ ஒரு டயர் 4,200 ரூபாய். பில்லைப் பார்த்த தங்கமணி, "என்னங்க, உங்க மோட்டார் பைக் டயரே இவ்ளோ வராதே? அது எவ்ளோ குண்டா இருக்கு, இது நோஞ்சான் மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் இல்லாததால அன்னிக்குப் பாத்திரம் நான் கழுவினேன்.

இப்படி விலை கொடுத்து வாங்கின டயர்ல ரெண்டாவது வாரமே ஒரு கண்ணாடித் துண்டு ஏறினா வயிறு எரியுமா எரியாதா? ஈசிஆர்ல ஓட்டுறவங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி உடைஞ்ச பாட்டில் எல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில ரோட்டோரமா நமக்காகத்தான் காத்துகிட்டு இருக்கும். மழை பெய்ஞ்சா இன்னும் மோசம். ஓரத்துல கிடக்கிற குப்பையை எல்லாம் தண்ணி அடிச்சுகிட்டு வந்து நடு ரோட்டுல போடும். அதோட ஈர ரப்பரைக் கண்ணாடி ரொம்ப சுலபமா அறுக்கும். தண்ணி அங்கே எண்ணெய் மாதிரி வேலை செய்யுது.

டயர்னா என்னங்கறதை எனக்குப் புரிய வெச்சது எங்க தெருமுனையில பஞ்சர் கடை வெச்சிருக்கிற பெரியவர்தான். ரோடு பைக்கைப் பார்த்தாலே அவருக்கு ஒரு நக்கல் சிரிப்பு வரும். ஆனா விஷயம் தெரிஞ்ச மனுஷன். "டயர்னா ரப்பர்னு நினைச்சுகிட்டு இருக்கீங்களா சார்? டயர்னா துணி. துணி மேல ரப்பர் பூசியிருக்கு, மழைக்கோட்டு மாதிரி. ரப்பர்ல வெட்டு விழுந்தா விழுந்துட்டுப் போவுது. நூலு அறுந்துச்சா இல்லையான்னு பாருங்க"ன்னார்.

யோசிச்சுப் பார்த்தா வரலாறும் அதைத்தான் சொல்லுது. 1888-ல பெல்ஃபாஸ்ட்ல ஜான் பாய்டு டன்லப்னு ஒரு மாட்டு டாக்டர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு ரப்பர் குழாயில காத்தடிச்சு, அதைத் துணியால சுத்தி சக்கரத்துல கட்டினார். அன்னிக்கும் காத்தை அடக்கி வெச்சது துணிதான், இன்னிக்கும் துணிதான். இப்போ நைலான் நூல், பருத்தி நூல்னு வகை வகையா வருது, அவ்வளவுதான். டயர் டப்பாவுல 60 டிபிஐ, 120 டிபிஐன்னு போட்டிருக்கே, அது ஒரு அங்குலத்துக்கு எத்தனை நூல்ங்கற கணக்கு. எண் கூடக் கூட நூல் மெலிசாகும், டயர் லேசாகும், சொகுசா ஓடும், சுலபமா அறுபடவும் செய்யும். இதுக்கு மேல ரோட்டுல படற இடத்துல ரெண்டு மூணு மில்லிமீட்டர் ரப்பர். பக்கவாட்டுல ரப்பர்ங்கறது சும்மா பேருக்கு ஒரு பூச்சு.

அப்போ டியூப் எதுக்கு? டியூப் ஒரு பலூன் மாதிரி. காத்து வெளியே போகாம பார்த்துக்கும், ஆனா அழுத்தத்தைத் தாங்காது. டயரை விட்டு வெளியே எடுத்து டியூபுக்குக் காத்தடிச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல பாம்பு எலியை முழுங்கின மாதிரி ஒரு பக்கம் வீங்கும். டயருக்குள்ள இருக்கும்போது அதை வீங்க விடாம பிடிச்சு வெச்சிருக்கறது அந்த நூல்தான்.

கார் டயர்ல காத்து 32, 33 பிஎஸ்ஐ இருக்கும். என் சைக்கிள்ல 80. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அஞ்சரை கிலோவுக்கு மேல. டயர் துணியில 6 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தா, அந்த இடத்துல டியூபை வெளியே தள்ளுற விசை கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு கிலோ சர்க்கரைப் பையை ஒரு பலூன் தோல் மேல தொங்கவிட்ட மாதிரி. எவ்வளவு நேரம் தாங்கும்னு நீங்களே சொல்லுங்க.

இந்தக் கணக்கெல்லாம் எனக்கு இப்போ தெரியும். 2022 ஜூன்ல தெரியாது. அப்போதான் கோவளம் தாண்டி முன் டயர்ல ஒரு பச்சைக் கண்ணாடி ஏறிச்சு. டியூப் பஞ்சர் ஆகலை. வீட்டுக்கு வந்து ஊக்கு வெச்சு நோண்டி எடுத்தேன். நாலஞ்சு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டு. கடையில அஞ்சு ரூபாய்க்கு விக்கற இன்ஸ்டன்ட் பசையை வாங்கி வெளியில இருந்து ரெண்டு சொட்டு விட்டேன். விரல்ல ஒட்டிகிட்டதைப் பிச்சு எடுத்தேன். முடிஞ்சது வேலை. 4,200 ரூபாய் மிச்சம்! டயரைக் கழட்டி உள் பக்கம் பார்க்கணும்னு தோணவே இல்லை. தோணுச்சு, சோம்பேறித்தனம்.

சரி, கதை அங்கேயே நிக்கட்டும். எப்படிச் செய்யணும்ங்கறதை முதல்ல சொல்லிடறேன்.

1. ரைடு முடிஞ்சு வந்ததும் டயரை ஈரத்துணியால துடைச்சு, சக்கரத்தை மெதுவா சுத்தி ஒரு ரவுண்டு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. கண்ணாடி ஏறின உடனே பஞ்சர் ஆகாது. ரப்பர்ல குத்திகிட்டு உட்கார்ந்திருக்கும். சக்கரம் சுத்தச் சுத்த ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போகும். இன்னிக்கு ஏறினது அடுத்த வாரம் காத்தை இறக்கும். பாதிப் பஞ்சரை வீட்டுலயே தடுத்துடலாம்.

2. காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டு, வெட்டு இருக்கிற இடத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு அழுத்தினா வாயைத் திறக்கும். ஊக்கோ, சின்ன இடுக்கியோ வெச்சு உள்ளே இருக்கறதை எடுங்க. ஆழமா குத்தாதீங்க, நாமளே நூலை அறுத்த கதையாகிடும். கண்ணாடித் துண்டு சில சமயம் அரிசி நொய் அளவுதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. நுனியில கரகரன்னு தட்டுப்படும்.

3. இதுதான் முக்கியம். டயரைக் கழட்டுங்க. உள் பக்கத்தை வெளியே திருப்பி வெளிச்சத்துல பாருங்க. நூல் அறுந்திருக்கா, பிசிறு தெரியுதா, வெளிச்சம் ஊடுருவி வருதா? கண்ணை விட விரல் நல்லாக் காட்டிக்கொடுக்கும். மெதுவா தடவிப் பாருங்க.

பார்த்துட்டு மூணுல எதுன்னு முடிவு பண்ணுங்க. (இது என் கணக்கு. நீங்க இன்னும் கண்டிப்பா இருந்தா நல்லது.)

அ) ரப்பர்ல மட்டும் வெட்டு, நூல் எல்லாம் முழுசா இருக்கு: கவலையே வேண்டாம். சின்னதா இருந்தா அப்படியே விட்டுடலாம். பெருசா வாயைப் பொளந்துகிட்டு இருந்தா மட்டும் வெளியில இருந்து அடைங்க.

ஆ) ரோட்டுல படற பகுதியில ரெண்டு மூணு மில்லிமீட்டருக்கு நூல் அறுந்திருக்கு: உள்ளே ஒட்டுப் போட்டு, பின் சக்கரத்துல மட்டும் ஓட்டலாம். அதுவும் தினம் பார்த்துகிட்டே.

இ) அதுக்கு மேல அறுந்திருக்கு, இல்ல பக்கவாட்டுல வெட்டு, இல்ல ரிம்ல உட்கார்ற ஓரக் கம்பிகிட்ட வெட்டு, இல்ல காத்தடிச்சா அந்த இடம் கொப்பளம் மாதிரி புடைக்குது: குப்பைத்தொட்டி. 4,200 ரூபாயா இருந்தாலும் சரி.

4. வெளியில அடைக்கறதுக்கு: ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு நல்லாக் காய விடுங்க. சின்ன வெட்டுக்கு இன்ஸ்டன்ட் பசை ஒரு சொட்டு போதும். ஆனா அது காய்ஞ்சா கண்ணாடி மாதிரி விறைப்பாகிடும். டயரோ ஓடும்போது மடங்கி மடங்கி நிமிரும். அதனால கொஞ்ச நாள்ல வெடிச்சு உதிரும். பெரிய வெட்டுக்கு செருப்பு, ஷூ ஒட்டுற பசைதான் சரி. ரப்பர் மாதிரியே வளைஞ்சு கொடுக்கும். பல்குத்துற குச்சியால உள்ளே அடைச்சு, மேல செல்லோடேப் சுத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுடுங்க. மறுநாள் பிதுங்கிகிட்டு இருக்கறதை பிளேடால சீவி எடுத்தா போதும்.

பசை எதுக்குன்னு நல்லாப் புரிஞ்சுக்கணும். அது மண்ணும் தண்ணியும் வெட்டுக்குள்ள போகாம தடுக்குது. அவ்வளவுதான் அதுக்குச் சம்பளம். அறுந்த நூலோட வேலையை அது செய்யாது. இதை நான் புரிஞ்சுக்கறதுக்கு ஒருத்தன் எலும்பு உடைய வேண்டியிருந்துச்சு.

5. உள்ளே ஒட்டுப் போடறதுக்கு: டியூபுக்குப் போடற சாதா பஞ்சர் ஒட்டு உதவாது. அது இழுத்தா நீளும், டியூபோட சேர்ந்து அதுவும் ஓட்டை வழியா பிதுங்கும். நீளாத பொருள் வேணும். நம்ம ஊர்ல பஞ்சர் கடைக்காரங்க காலங்காலமா பண்றதுதான், பழைய டயர்ல இருந்து ஒரு துண்டு வெட்டி உள்ளே வைக்கறது. ரோடு பைக்குக்கு ரோடு பைக் டயரையே வெட்டணும். ஓரக் கம்பியை வெட்டி எறிஞ்சுட்டு, மெலிசா இருக்கிற பக்கவாட்டுத் துணியை மூணு சென்டிமீட்டருக்கு எடுத்துக்கோங்க. ஓரத்தை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு மெலிசாக்குங்க, இல்லைன்னா அந்த விளிம்பே டியூபை அறுக்கும். டயர் உள் பக்கத்தையும் லேசா தேய்ச்சு, ரெண்டுலயும் சொல்யூஷன் மெலிசாத் தடவி, ஈரம் போற வரைக்கும் அஞ்சு நிமிஷம் பொறுத்து, அழுத்தி ஒட்டுங்க. ஈரமா இருக்கும்போது ஒட்டினா நிக்காது. நம்மாளுங்க தப்பு பண்றது இங்கேதான். கடைசியா கொஞ்சம் முகப்பவுடர் தூவி விடுங்க, டியூப் அதுல ஒட்டிக்காம இருக்கும். இதுக்குன்னே ஸ்டிக்கர் மாதிரி ரெடிமேடாவும் விக்கறாங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கு.

6. மாட்டினதும் முழுசா காத்தடிச்சுடாதீங்க. பாதி அடிச்சு, சுத்திப் பாருங்க. அப்புறம் முழுசா அடிச்சு ராத்திரி பூரா விட்டுடுங்க. காலையில அந்த இடம் புடைச்சிருந்தா இன்னொரு தடவை யோசிக்க வேண்டாம், எறிஞ்சுடுங்க. சரியா இருந்தா தெருவுல ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு தூரம் போங்க.

நடுவழியில டயர் கிழிஞ்சா? பத்து ரூபாய் நோட்டை நாலா மடிச்சு டயருக்கும் டியூபுக்கும் நடுவுல வைங்க. நோட்டு அடிக்கற காகிதம் பருத்தியில செஞ்சது, சுலபத்துல கிழியாது. நோட்டு போடற பெட்டி இப்போ எல்லாம் போன்ல இருக்கறதால, நான் பழைய பற்பசை டியூபை விரிச்சு வெட்டின ஒரு துண்டை சீட்டுக்கடியில இருக்கிற பையில வெச்சிருக்கேன். காத்தைக் குறைச்சு மெதுவா வீடு வந்து சேர அது போதும். வீடு வந்து சேரத்தான். அடுத்த வார ரைடுக்கு இல்லை.

7. முன் சக்கரமா பின் சக்கரமாங்கறது சாதாரண விஷயம் இல்லை. அமெரிக்காவுல ஷெல்டன் பிரவுன்னு ஒரு சைக்கிள் மெக்கானிக் இருந்தார். 2008-ல போயிட்டார். சைக்கிள் பத்தித் தெரிஞ்சதை எல்லாம் இணையத்துல கொட்டி வெச்சுட்டுப் போன புண்ணியவான். அவர் தெளிவா எழுதியிருக்கார்: நல்ல டயர் எப்பவும் முன்னாடி. பின் டயர் வெடிச்சா ஆட்டம் காட்டும், பெரும்பாலும் சமாளிச்சு நிறுத்திடலாம். முன் டயர் வெடிச்சா ஹேண்டில் நம்ம பேச்சைக் கேக்காது. அதனால புது டயர் வாங்கினா முன்னாடி போடணும், முன்னாடி இருந்த நல்ல டயரைப் பின்னாடி மாத்தணும்.

இப்போ விட்ட இடத்துக்கு வர்றேன்.

பசை ஊத்தின அந்த முன் டயர்ல நான் ரெண்டு மாசம் ஓட்டினேன். மாமல்லபுரம் போய் வந்தேன். ஒண்ணுமே ஆகலை. அந்த ஆகஸ்ட்ல கை அரிச்சு ஒரு ஜோடி புது டயர் வாங்கினேன். அதே சமயம் தங்கமணியோட தம்பியும் என்னைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பழைய ரோடு பைக் வாங்கியிருந்தான். அவனோட முன் டயர் வெளுத்து வழுக்கையாகிக் கிடந்துச்சு. "மாப்ள, புதுசு எதுக்கு வாங்கறே, என்கிட்ட ஒண்ணு இருக்கு, நல்ல கம்பெனி டயர்"னு பெருந்தன்மையா எடுத்துக் கொடுத்தேன். நானே உட்கார்ந்து மாட்டியும் விட்டேன்.

மாட்டும்போது உள் பக்கம் விரலை விட்டுத் தடவினேன். பழக்கம். ஒரு இடத்துல சின்னதா பிசிறு தட்டுப்பட்டுச்சு. மூணு வருஷமா எனக்குள்ளே ஓடிகிட்டு இருக்கறது அந்த ஒரு நொடிதான். விரல் நின்னுச்சு. துணி நூல் ஏதோ ஒட்டியிருக்குன்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். அவன் எதிர்லதான் ஸ்டூல்ல உட்கார்ந்து, "பரவால்லையா மாமா?"ன்னு கேட்டான். "சூப்பரா இருக்குடா"ன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது அவன் என்னை விட்டுட்டு முன்னாடி போயிட்டான், சின்ன வயசு. இறங்கும்போதுதான். எட்டோ ஒன்பதோ, ஏதோ ஒரு வளைவுக்கு முன்னாடி துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம். நான் வளைவைத் திரும்பினப்போ சைக்கிள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நல்ல வேளை மதில் பக்கம் விழுந்தான். பள்ளத்துப் பக்கம் விழலை. எதிர்ல பஸ் வரலை. இந்த ரெண்டு வாக்கியத்தையும் எழுதும்போது இப்பவும் கை சில்லுன்னு இருக்கு.

சமவெளியில ரெண்டு மாசம் தாங்கின டயர் அங்கே ஏன் வெடிச்சுது? இப்போ யோசிச்சா எல்லாம் தெளிவா இருக்கு. இறக்கத்துல பிரேக் பிடிச்சுகிட்டே வந்தா பிரேக் கட்டை உரசி ரிம் சூடாகும், உள்ளே காத்தும் சூடாகி அழுத்தம் ஏறும். பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை எல்லாம் முன் சக்கரத்துக்குப் போகும். பாதி அறுந்து கிடந்த நூலுக்கு அதுக்கு மேல என்ன தெம்பு இருக்கும்? நாலஞ்சு மில்லிமீட்டரா இருந்த வெட்டு ரெண்டு சென்டிமீட்டருக்குக் கிழிஞ்சு, ஓரத்துல என் பசை மட்டும் பளபளன்னு ஒட்டிகிட்டு இருந்துச்சு.

காறை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டித் தொங்க விடணும்னுட்டாங்க. பதினஞ்சாவது நாள் அவனுக்கு நிச்சயதார்த்தம். பட்டு வேட்டி, சந்தனம், மாலை, நடுவுல நீலக் கலர்ல ஒரு கைத்தொட்டில். மாமனார் வீட்டு ஹால்ல அந்தப் போட்டோவைப் பெருசா மாட்டி வெச்சிருக்காங்க. பொங்கல், தீபாவளின்னு போகும்போதெல்லாம் அதுக்கு எதிர்லதான் எனக்கு இலை போடுவாங்க.

எப்படி ஆச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. "கல்லு ஏறியிருக்கும்"னு சொன்னேன். "ரோடு மோசம்"னு சொன்னேன். மாமியார் கவர்ன்மெண்டைத் திட்டினாங்க. நானும் தலையாட்டினேன்.

2024 கடைசியில ஒரு நாள் அவன் டயர்ல வெட்டு விழுந்துச்சுன்னு தூக்கிகிட்டு வந்தான். பால்கனியில ரெண்டு பேரும் உட்கார்ந்து, மேல எழுதியிருக்கற மாதிரி ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தேன். உள் பக்கம் விரல் வெச்சுத் தடவிப் பாருன்னு சொல்லும்போது என்னால அதுக்கு மேல பேச முடியலை. சொல்லிட்டேன். பிசிறு தட்டுப்பட்டதையும் சேர்த்து.

அவன் கையில இருந்த டயரைத் திருப்பிகிட்டே, "பசை போட்டது தெரியும் மாமா. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் டயரை எடுத்துப் பார்த்தேன்"னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "பிசிறு விஷயம் தெரியாது"ன்னான்.

அப்புறம் ரெண்டு பேரும் எதுவும் பேசலை. உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தேன். தேய்ச்சான். ஒட்டுப் போட்டு முடிச்சதும், "இது பின் சக்கரத்துக்குத்தானே?"ன்னு மட்டும் கேட்டான். ஆமான்னேன். காபி குடிச்சுட்டுப் போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை ரைடுக்கு வரலை. அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வந்தான்.

அதனால, டீக்கடை கேள்விக்கு என் பதில் இதுதான். உங்க டயரை நீங்க ஒட்டி ஓட்டுங்க, தாராளமா. காசு மிச்சம், வேலையும் சந்தோஷமான வேலை. ஆனா கழட்டி உள்ளே பார்க்காம எதையும் ஒட்டாதீங்க. ஒட்டினதை முன்னாடி போடாதீங்க. இன்னொருத்தருக்குக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

பி.கு.: அந்தக் கிழிஞ்ச டயரை அவன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்து பால்கனி ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். இந்தக் குப்பையை எதுக்குச் சேர்த்து வெச்சிருக்கீங்கன்னு தங்கமணி நாலஞ்சு தடவை கேட்டாச்சு. இதை எழுதி முடிச்சதும் முதல்ல அவங்ககிட்டதான் படிக்கக் கொடுக்கப் போறேன். இந்த வாரம் பூரா பாத்திரம் நான்தான்.